அரச கம்பனியளின்ர போர்டும் லாப நட்டமும்: வன்னியில அடிக்கடி கேக்கிற கேள்வியள்

நான் கிளிநொச்சியில ஏ.எல் கொமர்ஸ் படிப்பிக்கிற ஆள். கரண்ட் போர்ட் ஏன் நட்டம், உப்பளத்துக்கு ஆர் டிரெக்டர், நெல்லு எடுக்கிற சபைக்கு ஏன் எப்பவும் காசில்லை எண்டு பிள்ளையள் கேக்கிறதை விட அவையின்ர தாய் தேப்பன்மாரும் சங்கத்து ஆக்களும் கேக்கிறதுதான் கூட. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லுறதை விட ஒரு இடத்தில எழுதி வச்சா ஆருக்கும் அனுப்பலாம் எண்டு நினைச்சன். கொஞ்சம் நீளம்தான், வேண்டிய கேள்வியை மட்டும் வாசிச்சிட்டு விடலாம்.

சேர், போர்ட் எண்டா ஆர்? மனேஜரும் போர்டும் ஒண்டுதானோ?

இல்லை. போர்ட் எண்டது பணிப்பாளர் சபை. தவிசாளர் ஒராள், அவரோட இன்னும் கொஞ்சப் பேர், வழமையா மாசத்துக்கு ஒருக்கா கூடுவினம். வருச பட்ஜெட், பெரிய கடன், பெரிய கொள்வனவு, தலைமை அதிகாரியைப் போடுறது, எத்தனை பேரை வேலைக்கு எடுக்கிறது, கடைசியா கணக்கை ஏற்று ஒப்பம் வைக்கிறது, இதுகள்தான் அவையின்ர வேலை. நாளாந்த அலுவலைப் பாக்கிறது முகாமைத்துவம்.

எங்கட பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில இயக்குநர் சபையும் பொது முகாமையாளரும் இருக்கினம் பாருங்கோ, அந்தப் பிரிப்புத்தான் இதிலயும். ஒரு வித்தியாசம் இருக்கு. சங்கத்தில அங்கத்தவர் கூடி சபையைத் தெரிவுசெய்யினம், பிழை விட்டா அடுத்த பொதுக்கூட்டத்தில எழும்பிக் கேக்கலாம். அரச கம்பனிக்கு சொந்தக்காரர் எண்டு நாட்டுச் சனம் முழுக்கப் பேர், ஆனா எழும்பிக் கேக்கிறதுக்கு ஒரு பொதுக்கூட்டம் கிடையாது.

அப்ப இவையை ஆர் போடுறது?

நிறுவனம் எந்த வகை எண்டதைப் பொறுத்தது. ஒரு வகை, தனிச் சட்டத்தால வந்த சபையளும் கூட்டுத்தாபனங்களும். பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 1961 இன்ர சட்டத்தால வந்தது, மின்சார சபை 1969, நெல் சந்தைப்படுத்தும் சபை 1971. இதுகளில பெரும்பாலும் அந்தந்தச் சட்டப்படி அமைச்சர் ஆக்களை நியமிப்பார். மற்ற வகை, 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்துக்குக் கீழ பதிஞ்ச கம்பனியள், ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் மாதிரி. அதில பங்கு திறைசேரிச் செயலாளரின்ர பேரில கிடக்கும். பழைய கூட்டுத்தாபனங்களைக் கம்பனியா மாத்துறதுக்கெண்டே 1987 இல 23 ஆம் இலக்கச் சட்டம் ஒண்டும் கொண்டுவந்தவை.

காகிதத்தில ரெண்டும் வேற வேற. நடைமுறையில அரசாங்கம் மாறின உடன ரெண்டிலயும் தவிசாளர் கடிதம் குடுத்திட்டுப் போவார், புதுசா ஒராள் வருவார். 10 வருசத் திட்டம் போடவேண்டிய நிறுவனத்தின்ர தலைவர் 2 வருசத்தில மாறினா அவர் என்னத்தைத் திட்டம் போடுறது எண்டு நீங்களே யோசியுங்கோ.

நட்டம் வந்தா அப்ப போர்டைத்தானே பிடிக்கவேணும்?

எல்லாரும் கேக்கிறது இதைத்தான், அவசரப்பட்டு ஓம் எண்டு சொல்லாதேங்கோ. பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை எடுங்கோ. 2022 இல கிட்டத்தட்ட 617 பில்லியன் ரூபா நட்டம். 2023 இல சுமார் 120 பில்லியன் லாபம். ஒரு வருசத்துக்குள்ள அங்க இருந்த ஆக்கள் எல்லாரும் கெட்டிக்காரர் ஆகிட்டினமோ? இல்லை. 2022 மார்ச்சில 200 ரூபா அளவில இருந்த டொலர் ரெண்டு மூண்டு மாசத்தில 360 ஐத் தொட்டது, கூட்டுத்தாபனத்துக்கு இருந்த கடன் டொலர்க் கடன், அதை ரூபாவில கணக்கெழுதேக்க அதே கடன் அப்பிடியே வீங்கிப் போச்சு. 2018 இல கொண்டுவந்த எண்ணெய் விலைச் சூத்திரத்தை அதுக்கு முதலே கைவிட்டுட்டினம், அதால வாங்கின விலையை விடக் குறைச்சு வித்துக்கொண்டு இருந்தது. பிறகு விலையைச் செலவுக்கு ஏத்தமாதிரி மாத்தத் தொடங்கினவை, டொலர்க் கடனைத் திறைசேரி தன்ர தலையில எடுத்தது, உடன லாபம்.

மின்சார சபையும் அப்பிடித்தான். 2013 க்குப் பிறகு கட்டணத்தைக் கூட்டாமலே வச்சிருந்திட்டு 2022 ஓகஸ்டில சராசரி 75 சதவீதம் கூட்டினவை, 2023 பெப்ரவரியில இன்னொரு 66 சதவீதம். அந்த பில் வந்த மாசம் இஞ்ச எத்தனை வீட்டில பிரிட்ஜை நிப்பாட்டினவை எண்டு உங்களுக்குத் தெரியும். சபைக்கு 2023 இல லாபம். அது போர்ட்டின்ர திறமையோ, எங்கட பொக்கற்றோ? ரெண்டாவது எண்டுதான் நான் சொல்லுவன்.

அதால லாப நட்டக் கணக்கின்ர கடைசி வரியை மட்டும் பாத்து போர்டுக்கு மாக்ஸ் போட ஏலாது. எந்த முடிவு போர்ட்டின்ர கையில இருந்தது, எது அமைச்சரவையின்ர கையில இருந்தது எண்டு முதல் பிரிக்கவேணும். அந்தக் கணக்கில பிழை போர்டிலதான் எண்டு வாற இடமும் இருக்கு, அடுத்ததில அதைத்தான் சொல்லப்போறன்.

விலையே அவையின்ர கையில இல்லாட்டி பிறகென்ன போர்ட்? இருந்தா என்ன விட்டா என்ன?

அப்பிடிச் சொல்லாதேங்கோ. விலை கையில இல்லாட்டிலும் கடன் எடுக்கிறது, ஒப்பந்தம் செய்யிறது, டெண்டர், ஆள் எடுக்கிறது எல்லாம் மேசைக்கு வரும். அங்க ஒரு ஒப்பம் எவ்வளவு செலவு எண்டதுக்கு அதே பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின்ர ஹெட்ஜிங் கதை இருக்கு.

2007 இல உலகத்தில எண்ணெய் விலை ஏறிக்கொண்டு போகுது. இன்னும் ஏறினா நாடு தாங்காது, முன்கூட்டியே வங்கியளோட ஒரு ஒப்பந்தம் செய்து பாதுகாப்புத் தேடுவம் எண்டு முடிவெடுத்தினம். யோசனை பிழையில்லை, உலகத்தில எல்லாரும் செய்யிறது. ஆனா ஒப்பந்தத்தின்ர வடிவத்தைப் பாருங்கோ: விலை ஏறினா வங்கி கூட்டுத்தாபனத்துக்குக் காசு தரும், அதுக்கு ஒரு மேல் எல்லை இருக்கு. விலை இறங்கினா கூட்டுத்தாபனம் வங்கிக்குக் காசு கட்டவேணும், அந்தப் பக்கத்துக்குப் போதுமான எல்லை இல்லை. 2008 ஜூலையில ஒரு பீப்பா 147 டொலர் வரைக்கும் போனது டிசம்பரில 40 க்கும் கீழ விழுந்தது. வங்கியளுக்குக் கட்டவேண்டிய காசு மலை மாதிரி ஏறிச்சு. உயர் நீதிமன்றம் தலையிட்டது, மத்திய வங்கி காசு கட்டுறதை நிப்பாட்டச் சொன்னது, பிறகு வங்கியள் வெளிநாட்டில வழக்குப் போட்டதுகள். டொய்ச் பாங்குக்கு 60 மில்லியன் டொலருக்கு மேல வட்டியோட கட்டவேணும் எண்டு 2012 இல சர்வதேச நடுவர் மன்றம் தீர்ப்புச் சொன்னது. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கியும் லண்டன் கோட்டில வெண்டது. அங்க எங்கட பக்கம் வச்ச வாதங்களில ஒண்டு, உப்பிடி ஒப்பந்தம் செய்ய கூட்டுத்தாபனத்துக்கு அதிகாரமே இல்லை எண்டது. கோட் ஏற்கேல்லை.

இப்ப யோசியுங்கோ, போர்ட் மேசையில ஒரே ஒராள் "விலை பாதியா விழுந்தா நாங்கள் எவ்வளவு கட்டவேணும், அந்த நம்பரை எழுதித் தாங்கோ" எண்டு கேட்டு, மறுமொழி வரும்வரைக்கும் கையெழுத்தை வைக்காம இருந்திருந்தா? என்னைப் பொறுத்தவரை போர்ட் எண்டதே அதுக்குத்தான். இல்லை எண்டு சொல்லக்கூடிய ஆக்கள் இருக்கினமோ, சொன்னா அது எடுபடுமோ, ரெண்டும் இருந்தா மட்டும்தான் போர்டால கணக்கில மாற்றம் வரும்.

அரசியல்வாதியின்ர சொந்தக்காரர், கூட்டாளியளைப் போட்டா உண்மையில நட்டம் வருமோ? சும்மா எரிச்சலில சொல்லுறதோ?

எரிச்சலும் இருக்குத்தான். ஆனா விசயமும் இருக்கு. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் ஒரு நல்ல பாடம், ஏனெண்டா சொந்தக்காரர் மாறேல்லை, முடிவெடுக்கிற ஆக்கள்தான் மாறினவை. 1998 இல எமிரேட்ஸ் பங்கு வாங்கி 10 வருச ஒப்பந்தத்தில முகாமைத்துவத்துக்கு வந்தது. அரைவாசிக்கு மேல பங்கு அரசாங்கத்திட்டத்தான் இருந்தது, ஆனா ஓட்டினது அவை. 2007 டிசம்பரில லண்டனில இருந்து வாற பிளைட்டில ஜனாதிபதியோட வாற ஆக்களுக்காக டிக்கெட் எடுத்த பயணியளை இறக்கச் சொல்லிக் கேட்டு, கம்பனி மாட்டன் எண்டது. அதுக்குப் பிறகு தலைமை அதிகாரி பீட்டர் ஹில்லின்ர வேலை விசா ரத்து. 2008 மார்ச்சில எமிரேட்ஸின்ர ஒப்பந்தம் முடிஞ்சுது, புதுப்பிக்கேல்லை. பிறகு தவிசாளரா வந்தவர் அந்த நேரத்து ஜனாதிபதியின்ர மனைவியின்ர சகோதரன்.

அதுக்குப் பிறகு நட்டம் நட்டமா அடுக்கினது உங்களுக்குத் தெரியும். 2013 இல எயார்பஸ்ஸிட்ட பெரிய ஓடர் ஒண்டு குடுத்தவை, 2020 இல எயார்பஸ் பிரிட்டிஷ் கோட்டில தான் லஞ்சத்தைத் தடுக்கத் தவறினதா ஏற்றுக்கொண்ட விசயங்களுக்குள்ள ஸ்ரீலங்கன் அலுவலும் ஒண்டு. 2019 இல அரசாங்க உத்தரவாதத்தோட எடுத்த 175 மில்லியன் டொலர் பிணைமுறிக் கடனும் கட்டேலாமப் போச்சு.

நியாயமாச் சொல்லவேணும், எமிரேட்ஸ் போன வருசம்தான் எண்ணெய் 147 டொலருக்குப் போனது, யுத்தமும் நடந்துகொண்டிருந்தது, ஆர் இருந்திருந்தாலும் அடி விழுந்திருக்கும். ஆனா அடி விழுந்த பிறகு 10 வருசத்துக்கு மேல எழும்பேலாம கிடந்ததுக்கு எண்ணெயைக் குற்றம் சொல்ல ஏலாது. அதோட ஒரு சீட்டுக்கு மாட்டன் எண்டு சொன்ன ஆளுக்கு விசா போனதைப் பாத்த பிறகு, அந்தக் கட்டிடத்துக்குள்ள அடுத்ததா ஆர் மாட்டன் எண்டு சொல்லுவினம்?

இதைப் பற்றி ஆராய்ச்சி ஒண்டும் செய்யேல்லையோ?

கனக்க செய்திருக்கினம், ஆனா எல்லாம் ஒரே பக்கம் சொல்லேல்லை. சீனாவில பகுதியளவு தனியார்மயமாக்கின 790 கம்பனியளைப் பாத்து 2007 இல வந்த ஒரு ஆய்வில, 27 சதவீதத்தில தலைமை அதிகாரி முந்தியோ அப்பவோ அரச அதிகாரியா இருந்தவர். அப்பிடியான கம்பனியளின்ர பங்கு, சந்தைக்கு வந்து 3 வருசத்தில மற்றதுகளை விட 18 சதவீதம் அளவுக்குப் பின்னுக்கு நிண்டது, போர்டிலயும் தொழில் தெரிஞ்ச ஆக்களை விட அதிகாரிமார்தான் கூட.

வெளியாக்கள், அதாவது சுயாதீனப் பணிப்பாளர்கள் கூடினா லாபம் கூடுமோ எண்ட கேள்விக்கு ஓம் எண்டும் இருக்கு, வித்தியாசமில்லை எண்டும் இருக்கு. இதில ஒரு சிக்கல், ஏ.எல் பிள்ளையளுக்கும் இதை நான் சொல்லுறனான்: கம்பனி விழுந்த பிறகுதான் வெளியாக்களைக் கொண்டுவாறது வழமை, அப்ப நம்பரை மட்டும் பாத்தா வெளியாள் வந்ததாலதான் விழுந்தது மாதிரித் தெரியும். பொம்பிளையள் போர்டில இருந்தா நல்லதோ எண்டதிலயும் அப்பிடித்தான். நோர்வே 40 சதவீதம் எண்டு சட்டம் போட்ட பிறகு கம்பனிப் பெறுமதி குறைஞ்சது எண்டு ஒரு ஆய்வு, இல்லை உங்கட கணக்கு பிழை எண்டு பிறகு இன்னொண்டு. லாபம் கூடுதோ குறையுதோ, அரைவாசிச் சனம் பொம்பிளையளா இருக்கிற நாட்டில போர்டில அவை இருக்கத்தான் வேணும், அதுக்கு ஆராய்ச்சி தேவையில்லை எண்டது என்ர அபிப்பிராயம்.

எத்தனை பேர் இருந்தா நல்லது?

ஏழு எட்டுப் பேருக்கு மேல போனா ஒருத்தரும் வேலை செய்யமாட்டினம் எண்டு ஒரு பழைய கணிப்பு இருக்கு. அமெரிக்காக் கம்பனியளில சின்ன போர்ட் இருக்கிற இடத்தில பெறுமதி கூட எண்டு 1996 இல ஒரு ஆய்வும் வந்தது. எங்கட நாட்டில அந்த எண்ணிக்கையைச் சட்டமே சொல்லிப்போடும், அதால இதில மினைக்கெடத் தேவையில்லை.

திறைசேரியில இருந்து ஒராள் இருப்பார் தானே, அவர் பாக்கமாட்டாரோ?

இருப்பார். 2003 இல வந்த நல்லாட்சி வழிகாட்டலிலயும் சரி, பிறகு 2021 நவம்பரில அதுக்குப் பதிலா வந்ததிலயும் சரி, திறைசேரிப் பிரதிநிதிக்கு முக்கியமான இடம். கணக்காய்வுக் குழுவிலயும் அவர்தான் பெரிய ஆள். நல்ல ஏற்பாடுதான், ஆனா நாட்டில அரச நிறுவனம் துணைக் கம்பனியளோட சேத்து 500 க்கு மேல இருக்கு. ஒரே அதிகாரி தன்ர கந்தோர் வேலையையும் பாத்துக்கொண்டு ரெண்டு மூண்டு போர்டில இருந்தா, முதல்நாள் பின்னேரம் வந்த 200 பக்க போர்ட் பேப்பரை எப்ப வாசிக்கிறது? அதைவிட அவரே அரசாங்க ஊழியர். அமைச்சர் விருப்பப்பட்ட அலுவலுக்கு அவர் எதிர்ப்புச் சொல்லுறது லேசில்லை. சொன்ன ஆக்களும் இருக்கினம், அவைக்கு ஒரு கும்பிடு.

எங்கட பக்கத்து பக்டரியள், பரந்தன், ஒட்டுசுட்டான், ஆனையிறவு, இதுகளும் போர்டாலதான் போச்சோ?

இல்லை, அது யுத்தம். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை 1950 களில வந்தது. ஆனையிறவு உப்பை எடுத்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்தது, எங்கட ஊர் ஆக்கள் எத்தனையோ பேருக்கு மாசச் சம்பளம் எண்டா என்ன எண்டு காட்டினது அதுதான். 1985 இல நிண்டுபோச்சு. ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையும் யுத்தத்தாலதான் மூடினது. ஷெல் விழுற இடத்தில எந்த போர்ட் என்ன செய்யிறது.

ஆனா பிறகு நடந்ததில பாடம் இருக்கு. பரந்தன் கெமிக்கல்ஸ் எண்ட கம்பனி சாகேல்லை. குளோரினை வெளிநாட்டில இருந்து இறக்கி நீர் வழங்கல் சபைக்கு விக்கிறது. ஒரு அரச நிறுவனம் இன்னொரு அரச நிறுவனத்துக்கு விக்கேக்க, இந்தப் பக்கம் வாற லாபம் அந்தப் பக்கத்தின்ர செலவு. அது கடைசியில உங்கட தண்ணி பில். பரந்தன் எண்ட பேர் கம்பனியில இருக்கு, பரந்தனில வேலை இல்லை. திரும்பத் தொடங்குவம் எண்ட கதை மட்டும் ஒவ்வொரு அரசாங்கத்தோடயும் வரும்.

ஆனையிறவு திரும்ப ஓடுது. 2025 மார்ச்சில அங்க மேசை உப்புத் தொழிற்சாலை திறந்தவை. அந்த நேரம் நாட்டில மழையால உப்புத் தட்டுப்பாடு வந்து வெளிநாட்டில இருந்து இறக்கவும் வேண்டி வந்தது. உப்பளத்தில மழை பெய்தா லாபமும் கரைஞ்சுதான் போகும், அதுக்கும் போர்டைப் பிடிக்காதேங்கோ. ஆனா அந்த உப்புக்கு "ரஜ லுணு" எண்டு சிங்களத்தில பேர் வச்சது மழையால இல்லை. ஆனையிறவு உப்பு எண்டா பிள்ளைக்கும் தெரியும், வடக்குக் கிழக்கில அந்தப் பேருக்கே ஒரு சந்தை இருக்கு, அதை விட்டுட்டு வேற பேர் வச்சு எங்கட சனம் சத்தம் போட்ட பிறகு யோசிக்கிறது. ஒரு கம்பனிக்குக் காசில்லாமக் கிடைச்ச விளம்பரத்தை விட்டெறிஞ்ச வேலை.

அப்ப வன்னி ஆள் ஒராளை போர்டில போட்டா சரியாகிடுமோ?

தமிழ் ஆள் ஒராளைப் போட்டா கணக்கு தானா நிமிராது. நாலு பேர் ஒரு பக்கம் தீர்மானிச்சிட்டு அஞ்சாவதா ஒராளைப் படத்துக்கு இருத்துறதும் நடக்கும். ஆனா மேல சொன்ன பேர் விசயம் மாதிரி, அறுவடை எப்ப தொடங்கும், எந்த றோட்டில லொறி போகும், எந்தக் குளத்துக்குக் கீழ எவ்வளவு விளையும் எண்டு தெரிஞ்ச ஆள் மேசையில இருந்தா சில முட்டாள்தனமான செலவு வராது. கணக்கு வாசிக்கத் தெரிஞ்ச ஆளாயும் இருக்கவேணும். கட்சிக்காரர் எண்டதுக்காக எங்கட ஆளைப் போட்டா அதுவும் அதே வியாதிதான், மொழிதான் வேற.

தம்பி, நெல் சந்தைப்படுத்தும் சபை எப்ப பாத்தாலும் நட்டம் எண்டினம். அப்ப மூடவேண்டியதுதானே?

ஐயா, இதில கொஞ்சம் நிண்டு கதைக்கவேணும். அந்தச் சபை லாபத்துக்கெண்டு வந்ததில்லை. 1971 இல வந்ததே விவசாயியை வியாபாரியிட்ட இருந்து காப்பாத்த. 2025 பெப்ரவரியில அரசாங்கம் ஒரு கிலோ நாட்டு நெல்லுக்கு 120 ரூபா, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 எண்டு விலை சொன்னது. அந்த விலையை முடிவெடுத்தது சபையின்ர போர்ட் இல்லை. சந்தை விலை அதுக்குக் கீழ நிண்டா சபை கூடின விலைக்கு வாங்கவேணும், பிறகு அரிசி விலை ஏறக்குடாது எண்டு குறைஞ்ச விலைக்கு விக்கச் சொல்லுவினம், வாங்கிறதுக்குக் காசு நேரத்துக்கு வராட்டி அரச வங்கியிட்ட வட்டிக்கு எடுக்கவேணும். இதுக்கு உலகத்தில உள்ள கெட்டிக்கார போர்டைக் கொண்டுவந்து இருத்தினாலும் நட்டம்தான். 2015 இல வைக்க இடமில்லாம மத்தள விமான நிலையத்தில நெல்லைக் கொண்டுபோய் அடுக்கினவை. பிளைட் வராத எயார்ப்போட்டுக்கு ஏதோ ஒரு உபயோகம் வந்தது எண்டுதான் சந்தோசப்படவேணும்.

நியூசிலாந்தில 1986 இல போட்ட அரச கம்பனிச் சட்டத்தில ஒரு ஏற்பாடு இருக்கு, எனக்கு நல்லாப் பிடிச்சது. கம்பனி தனியார் கம்பனி மாதிரி லாபத்தோட ஓடவேணும். அரசாங்கத்துக்கு லாபமில்லாத சேவை ஒண்டு வேணுமெண்டா அதுக்கு ஒப்பந்தம் எழுதி, அதின்ர செலவை அரசாங்கமே கட்டவேணும். அப்பிடி இஞ்ச செய்தா என்ன நடக்கும் எண்டு பாருங்கோ. நெல்லுக்குக் கூடின விலை குடுத்த செலவு ஒரு வரியில வரும், நேரத்துக்கு வாங்காமலும் களஞ்சியத்தில பழுதாக்கியும் வந்த நட்டம் இன்னொரு வரியில வரும். முதலாவது சனத்துக்குக் குடுத்த உதவி, ரெண்டாவதுக்கு போர்ட் மறுமொழி சொல்லவேணும். இப்ப ரெண்டும் ஒண்டாக் கலந்து கிடக்கு. அதால ஒருத்தரும் மறுமொழி சொல்லுறதில்லை, எல்லாம் விவசாயிக்காக வந்த நட்டம் எண்டு எங்கட தலையில கட்டிப்போடினம்.

மல்லாவி, துணுக்காய், முழங்காவில் பக்கம் ஓடுற இ.போ.ச (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்சுக்கும் இதுதான் கதை. ஆள் குறைஞ்ச ரூட்டில பஸ் விடுறது நட்டம் எண்டு தெரிஞ்சுதான் விடுறது, பள்ளிக்கூடப் பிள்ளையள் போகவேணும். அந்த நட்டத்தையும் பார்ட்ஸ் வாங்கேக்க போற காசையும் ஒரே பையுக்குள்ள போடாதேங்கோ எண்டுதான் சொல்லுறன்.

சிங்கப்பூரில மட்டும் எப்பிடி அரச கம்பனி லாபமா ஓடுது?

1974 இல டெமாசெக் எண்டு ஒரு கம்பனியை உருவாக்கி அரசாங்கத்தின்ர பங்கெல்லாத்தையும் அதுக்குள்ள போட்டினம், அமைச்சு நேர கையை வைக்கிறதில்லை எண்டது அவையின்ர நடைமுறை. அதைப் பாத்து நாங்களும் அப்பிடி ஒரு கம்பனி வைப்பம் எண்டு இஞ்ச அடிக்கடி கதைக்கினம். மேல ஒரு கம்பனியை வச்சா காணும் எண்டு நினைக்கிற ஆக்கள் மலேசியாவையும் பாக்கவேணும். 1எம்டிபி எண்டதும் நிதி அமைச்சுக்குச் சொந்தமான கம்பனிதான், போர்டும் இருந்தது. ஆனா முக்கியமான விசயங்களுக்குப் பிரதமரின்ர எழுத்து ஒப்புதல் வேணும் எண்டு கம்பனியின்ர யாப்பிலேயே எழுதியிருந்தினம். 2009 இல கூட்டு முயற்சி எண்டு சொல்லி போன 1 பில்லியன் டொலரில 700 மில்லியன் போர்டுக்குத் தெரியாம வேற எக்கவுண்டுக்குப் போச்சு, தவிசாளர் பதவியை விட்டுட்டுப் போனார். மிச்சக் கதை உலகத்துக்கே தெரியும்.

கோப் குழுவில கூப்பிட்டுக் கேக்கினம் தானே?

கோப் எண்டது அரச நிறுவனங்களை விசாரிக்கிற பாராளுமன்றக் குழு, 1979 இல இருந்து கேக்கினம். டீவியில பாக்க நல்லாத்தான் இருக்கும். தண்டிக்க அதுக்கு அதிகாரமில்லை, அறிக்கைதான் குடுக்கலாம். அது கேக்கேக்க அந்தக் காலத்து போர்ட் பெரும்பாலும் வீட்டில, புதுத் தவிசாளர் "அது எனக்கு முதல் நடந்தது" எண்டுவார்.

சேர், ஒரு கம்பனியின்ர போர்ட் நல்லதோ கூடாதோ எண்டு சாதாரண ஆள் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

லாபத்தைப் பாக்க முதல் திகதியைப் பாருங்கோ. வருசம் முடிஞ்சு 60 நாளுக்குள்ள கணக்கு கணக்காய்வுக்குப் போகவேணும், 150 நாளுக்குள்ள வருடாந்த அறிக்கை பாராளுமன்றத்துக்குப் போகவேணும் எண்டது வழிகாட்டல். மூண்டு நாலு வருசம் பிந்தின அறிக்கையோட நிக்கிற நிறுவனம் எண்டா, அந்த போர்ட் மாசாமாசம் எந்தக் கணக்கைப் பாத்து முடிவெடுத்தது எண்டு கேளுங்கோ. பாராளுமன்ற வெப்சைற்றில கனக்க அறிக்கை தமிழிலயும் கிடக்கு.

அறிக்கையைத் திறந்தா முன்னுக்கு இருக்கிற தவிசாளரின்ர செய்தியையும் படங்களையும் தாண்டிப் போங்கோ. நேர கணக்காய்வாளர் நாயகத்தின்ர அறிக்கைக்குப் போங்கோ. முனைப்பழியாத அபிப்பிராயம் எண்டு இருந்தா கணக்கு சரி. முனைப்பழிந்த அபிப்பிராயம் எண்டா சில இடம் பிழை, என்ன பிழை எண்டு கீழ எழுதியிருக்கும். அபிப்பிராயம் சொல்ல மறுத்திருந்தா கணக்கை நம்பவே ஏலாது எண்டு அர்த்தம். பிறகு போன வருச அறிக்கையையும் எடுத்து ரெண்டையும் பக்கத்தில வையுங்கோ, அதே பிழையை அதே வசனத்தில ரெண்டு வருசமும் எழுதியிருந்தா போர்ட் அதை வாசிக்கவே இல்லை எண்டு நான் முடிவெடுத்திடுவன். டிரெக்டர்மார் எத்தனை கூட்டத்துக்கு வந்தவை எண்டும் சில அறிக்கையில இருக்கும்.

அறிக்கையில இல்லாததைக் கேக்க 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. அரசாங்கத்துக்கு 25 சதவீதமோ அதுக்கு மேலயோ பங்கு இருக்கிற கம்பனிக்கும் அது செல்லும், "நாங்கள் கம்பனி, திணைக்களம் இல்லை" எண்டு சொல்லி உங்களை அனுப்ப ஏலாது. தமிழிலேயே எழுதிக் குடுக்கலாம். 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லவேணும், தராட்டி குறித்தொதுக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுக்குப் பிறகு ஆணைக்குழு. "கம்பனி எப்பிடி ஓடுது" எண்டு பொதுவாக் கேட்டா பொதுவாத்தான் மறுமொழி வரும். இன்ன கொள்வனவுக்கு எந்தத் திகதியில போர்ட் அனுமதி குடுத்தது, எத்தனை விலைமனு வந்தது எண்டு குறிப்பாக் கேளுங்கோ.

அப்ப லாபம் காட்டினா நல்ல போர்ட் எண்டு நம்பலாமோ?

போட்டி இருக்கிற இடத்தில காட்டினா கொஞ்சம் நம்பலாம். இலங்கை வங்கியும் மக்கள் வங்கியும் தனியார் வங்கியளோட போட்டி போட்டு லாபம் எடுக்கிறதுகள், அதுக்கு மரியாதை குடுக்கவேணும். ஆனா அவையும் அரசாங்கம் சொல்லி பெற்றோலியக் கூட்டுத்தாபனம் மாதிரியானதுகளுக்குப் பெரிய கடன் குடுத்தவைதான், அந்தக் கடன் ஆடின உடன வங்கியும் ஆடினது. தனி ஆளா நிண்டு விக்கிற நிறுவனம் லாபம் காட்டினா, முதல்ல அது விக்கிற விலையைப் பாருங்கோ.

என்ர மச்சானை ஒரு அரச கம்பனிக்கு டிரெக்டரா வரச்சொல்லிக் கேக்கினம். போகலாமோ?

நல்ல ஆள் எண்டா போகத்தான் வேணும், எல்லாரும் ஒதுங்கினா பிறகு ஆர் வருவினம் எண்டு உங்களுக்குத் தெரியும். ஓம் சொல்ல முதல் கடைசி மூண்டு வருச கணக்காய்வு அறிக்கையைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கோ. ஊழியரின்ர ஈ.பி.எஃப், ஈ.ரீ.எஃப் (சேமலாப நிதி, நம்பிக்கை நிதி) காசு கட்டியிருக்கோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ, அது கட்டாட்டி டிரெக்டர்மாரிலயும் வழக்கு வரலாம். கம்பனிகள் சட்டத்தின்ர 220 ஆம் பிரிவையும் ஒருக்கா வாசிக்கட்டும். கம்பனியின்ர நிகர சொத்து மூலதனத்தில அரைவாசிக்குக் கீழ போனது தெரிய வந்தா 20 வேலை நாளுக்குள்ள பங்குதாரருக்கு விசேட பொதுக்கூட்டம் அழைக்கவேணும். பங்குதாரர் திறைசேரிச் செயலாளர் ஒராள்தானே, ஆரைக் கூப்பிடுறது எண்டு சிரிச்சிட்டு விடுறதுதான் வழமை, ஆனா கடமை கடமைதான்.

கூட்டத்தில பிடிக்காத தீர்மானம் வந்தா வாயால சொல்லிப்போட்டு தேத்தண்ணி குடிக்கப் போகக்குடாது. தன்ர எதிர்ப்பையும் அதுக்குக் காரணத்தையும் கூட்டக் குறிப்பில பதியச் சொல்லவேணும். அடுத்த கூட்டத்தில அந்தக் குறிப்பை உறுதிப்படுத்த முதல், பதிஞ்சிருக்கோ, சொன்ன மாதிரியே பதிஞ்சிருக்கோ எண்டு வாசிச்சுப் பாத்திட்டுத்தான் கையைத் தூக்கவேணும்.